மாமியாரின் இச்சி மரத்தைப் பங்கு போட்ட கதை



நான் 38 வயது இல்லத்தரசி. ஊர் தென்காசி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு பெண், ஒரு பையன். இந்தப் பகுதியில் தோழிகள் எழுதும் கைவேலை, வடகம், வீட்டுத் தோட்டம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படிப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது 2006ல். அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியைச் சுத்தம் செய்யப் போனோம். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஐந்து சின்னக் கன்றுகள் ஒன்றாக முளைத்திருந்தன. இச்சிக் கன்றுகள். காக்கை பழத்தைத் தின்றுவிட்டு எச்சம் போடும் இடத்தில் எல்லாம் இது முளைக்கும். 'பிடுங்கித் தூரப் போடுங்க அத்தை, செவுத்தைப் பிளந்துரும்' என்றேன். புது மருமகள் வேகம்! அத்தை பிடுங்கினார்கள், ஆனால் தூரப் போடவில்லை. ஐந்தையும் சேர்த்து ஒரு மண் சட்டியில் நட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஆல், அரசு, இச்சி எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது என்பார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அத்தை சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'செவுத்துல இருந்தாத்தான் வீட்டுக்கு ஆகாது. சட்டிக்குள்ள கெடந்தா நம்மள என்ன செய்யப் போவுது?'

ஐந்தில் ஒன்று அந்தக் கோடையிலேயே கருகிவிட்டது. மிச்சம் நாலும் வளர்ந்தன. வாரப் பத்திரிகை ஒன்றில் போன்சாய் பற்றிப் படித்துவிட்டு, அத்தையே கொத்தனாரிடம் சொல்லி சிமெண்டில் பள்ளமில்லாத தட்டுத் தொட்டி ஒன்று வார்க்கச் செய்து, அதில் மாற்றி நட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேரை நறுக்குவார்கள். கொழுந்தை விரலாலேயே கிள்ளுவார்கள். ஒன்றரை அடிதான் உயரம், ஆனால் நடு மரம் என் மணிக்கட்டு கனம். ஒன்று மட்டும் பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து, கையூன்றி எழுந்திருப்பது போல இருக்கும். அத்தை அதை 'நொண்டி' என்று கூப்பிடுவார்கள். அதற்குத்தான் முதல் தண்ணீர்.

2022ல் அத்தை தவறிவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

அடுத்த வருஷம் வீட்டை விற்றார்கள். அத்தைக்கு மூன்று மகன், ஒரு மகள். மூத்தவர் சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறார். அடுத்தது நாத்தனார், தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தது. அப்புறம் என் வீட்டுக்காரர். கடைசிக் கொழுந்தனார் கோயம்புத்தூரில். வீடு அத்தை பெயரில் இருந்தது. உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படி இருந்தால் தாய் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறதாம். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், பேசியிருக்க மாட்டேன். 'அவளுக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே' என்றார்கள். மதினி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பட்டுச் சேலையும் ஒரு பவுனும் கொடுத்தோம். நான் பத்திர ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டன. சத்தம் வந்தது மரத்துக்குத்தான். எங்காவது கண்காட்சியில் போன்சாய் மரம் ஆயிரக்கணக்கில் விலை சொன்னதைப் பெரிய அக்கா (மூத்தவர் மனைவி) பார்த்திருக்கிறார்கள். 'எங்க ஹாலுக்கு நல்லா இருக்கும்' என்றார்கள். சின்னவள், 'நான்தானே லீவுக்கு வந்தா தண்ணி ஊத்துவேன்' என்றாள். எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. பதினேழு வருஷம் கூடவே இருந்தவள் நான். அப்போது மதினி மெதுவாகச் சொன்னார்கள், 'அம்மா மரத்துல எனக்கு அந்த நொண்டியை மட்டும் குடுங்க, போதும்' என்று.

யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொழுந்தனார், 'நாலு மரம் இருக்குல்லா, நாலு பேருக்கும் ஆச்சு. பிரிச்சுருங்க மதினி' என்று என்னைப் பார்த்தார். இப்படித்தான் வேலை என் தலையில் விழுந்தது.

பிரிப்பது என்றால் அறுப்பது. எனக்குக் கை நடுங்கியது. என் வீட்டுக்காரர் வேறு, 'அம்மா வளத்ததை அறுக்கணுமா?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் மகள்தான் செல்போனில் பார்த்துச் சொன்னாள். கல்கத்தா பக்கம் தாவரவியல் தோட்டத்தில் இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்த் தண்டு பூஞ்சை பிடித்து அழுகியதால் 1925லேயே அதை எடுத்துவிட்டார்களாம். மரம் விழுதுகளின் மேலேயே இன்றைக்கும் நிற்கிறது. நம் சென்னை அடையாறு ஆலமரத்தின் நடு மரமும் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் இருக்கின்றன. ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். 'இதுக எல்லாம் அறுத்தாலும் சாகாத சாதிம்மா' என்றாள். அந்தத் தைரியத்தில் இறங்கினேன்.

ஆனால் தோழிகளே, உடனே கத்தியை எடுத்துவிடாதீர்கள். முதலில் உங்கள் தொட்டியில் இருப்பது பல மரமா, ஒரே மரமா என்று பாருங்கள். நர்சரியில் ஃபைகஸ் என்று விற்கும் செடிகளில் மூன்று நாலு குச்சியைச் சேர்த்து நட்டு, பின்னல் போலப் பின்னி வைத்திருப்பார்கள். அது பல செடி, பிரிக்கலாம். கிழங்கு போலப் பருத்த வேரோடு ஒன்று விற்கிறார்கள், ஜின்செங் ஃபைகஸ் என்பார்கள். அது மேலே பார்த்தால் பலதாகத் தெரிந்தாலும் ஒரே செடி, அதைப் பிளக்கக் கூடாது. விதையில் முளைத்ததிலும் ஏமாற்றம் உண்டு. இந்த இனத்து மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உரசினால் பட்டையோடு பட்டை ஒட்டி ஒன்றாகிவிடும். காட்டில் ஒரே மரமாகத் தெரிகிற பெரிய ஆலில்கூட உள்ளே பல மரங்கள் ஒட்டியிருப்பதுண்டாம். ஆகையால் மண்ணைக் கழுவிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

காலமும் முக்கியம். இது வெப்ப நாட்டு மரம். குளிரில் அறுத்தால் மறுபடி வேர் விடாமல் முழிக்கும். கத்திரி வெயிலில் அறுத்தால் வாடிவிடும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும். காற்றில் ஈரம் இருக்கும், வெயில் மந்தமாக இருக்கும், ஆனாலும் குளிர் கிடையாது. அதுதான் நல்ல சமயம் என்று 2023 ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உங்கள் ஊரில் கோடை முடிந்து முதல் மழை பெய்து, மரம் புதுத் துளிர் விடுகிற சமயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் தண்ணீர் விட்டதோடு சரி. மறுநாள் தொட்டியைக் கவிழ்த்ததும் மரம் தட்டு வடிவிலேயே வெளியே வந்தது. அடியில் வேர் கயிற்றுப்பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. சமையலறையில் தேய்ந்த மரக்கரண்டிக் காம்பாலும் பழைய குடைக்கம்பியாலும் ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கோதினேன். சிக்கு எடுப்பது போலத்தான். நுனியிலிருந்து எடுக்க வேண்டும், நடுவில் இழுத்தால் அறுந்துவிடும். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன், மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்று மத்தியானம் வீட்டில் எல்லாருக்கும் ரசமும் அப்பளமும்தான். நடு நடுவே குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு வேரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். வேர் ஒரு நிமிஷம்கூடக் காயக் கூடாது என்று ஈரச் சாக்கை மேலே போட்டு வைத்தேன்.

எந்த வேர் எந்த மரத்துக்கு என்று குழம்பாமல் இருக்க ஒரு யோசனை செய்தேன். பெரிய அக்கா மரத்து வேருக்கெல்லாம் சிவப்பு நூல், சின்னவளுக்கு மஞ்சள், எங்களுக்குப் பச்சை, மதினிக்கு நீலம். தண்டிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போய் ஒவ்வொரு வேராகக் கட்டினேன். சிவப்பு முடிந்தது. மஞ்சள் முடிந்தது. பச்சையும் கட்டியாயிற்று. நீல நூலைக் கட்ட ஒரு வேர்கூட இல்லை.

நொண்டிக்கு வேரே இல்லை தோழிகளே! சின்ன வயசில் அதன் வேர் எப்போதோ அழுகிப் போயிருக்கிறது. சாய்ந்துகொண்டிருந்த இடத்தில் பக்கத்து மரத்தோடு, அதாவது நாங்கள் எடுத்துக்கொண்ட நடு மரத்தோடு, ஒட்டிப்போய் அதன் வேரில் இத்தனை வருஷமாகப் பிழைத்திருக்கிறது. மண்ணுக்குள் அடிக்கட்டை மட்டும் செத்துக் கறுத்து இருந்தது. தொட்டதும் பொடிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா விவசாயி. 'ஆலும் இச்சியும் போத்து வெட்டி நட்டாலே வருமே' என்று நானே கேட்டேன். சாலையோரத்து ஆலமரமெல்லாம் அப்படிக் கை கனத்துக் கொம்பை வெட்டி ஊன்றியதுதானே! (அந்த மரங்களைத் திருநெல்வேலி–தென்காசி நாலுவழிச் சாலைக்காக வெட்டினபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது வேறு கதை.) அப்பா சொன்னார், 'நூறு போத்து நட்டு எம்பது வந்தா சம்சாரிக்குப் போதும். உங்கிட்ட ஒண்ணுதான இருக்கு. ஒண்ணே ஒண்ணை வெச்சு சூது ஆடாத. முதல்ல வேர் வரவெச்சிக்கோ, அப்புறமா அறு.'

அதனால் நொண்டியை நடு மரத்தோடேயே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் பிரித்தேன்.

இரண்டு இடத்தில் வேரும் வேரும் ஒட்டியிருந்தன. அங்கே மட்டும் ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். பிளேடை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள், ஒரு மரத்து நோய் இன்னொன்றுக்குப் போகாது. அறுத்ததும் பால் கொட்டும் பாருங்கள், கறந்த மாதிரி! கையில் பட்டால் பசையாக ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் வேறு யாரையாவது அறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தெளித்தால் பால் கொஞ்சம் அடங்கும். கையில் ஒட்டியதற்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போடுங்கள். அறுத்த வாயைக் கத்தியால் மழமழவென்று சீவி, அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டேன். அப்போதும் வேரின் மீது ஈரச்சாக்கு இருந்தது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள், தட்டையான தொட்டியில் அது களியாகி வேரை அழுக வைக்கும். செங்கலை மிளகு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, சல்லடையில் சலித்துத் தூளை எறிந்துவிட்டு, அதில் இரண்டு பங்கும், நன்றாக மக்கிய எரு ஒரு பங்கும் கலந்தேன். தண்ணீர் விட்டால் மேலே தேங்காமல் உடனே இறங்க வேண்டும். தொட்டியின் ஓட்டை வழியாகக் கம்பியைக் கொடுத்து, வேர்ப் பந்தை அதில் கட்டிவிட்டேன். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மரம் காற்றில் ஆடினால் புதிதாக வரும் முடி போன்ற வேர் அறுந்து அறுந்து போகும்.

வேரைக் குறைத்தால் இலையையும் குறைக்க வேண்டும். இருக்கிற வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்றாது. மூன்றில் ஒரு பங்கு இலையைக் காம்பை விட்டுக் கத்தரித்தேன். கொழுந்தை மட்டும் தொடவில்லை. வேர் பிடிக்கும்வரை நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்தேன். ஜவுளிக்கடைப் பெரிய கண்ணாடிப் பையை நாலு குச்சி ஊன்றி மேலே கூடாரம் போலப் போட்டு, தினமும் காலையில் சிறிது நேரம் திறந்துவிடுவேன். தண்ணீர் மேல் மண் காய ஆரம்பித்ததும்தான். உரம் கிடையாது. புதுத் துளிர் வந்து இலை விரிந்த பிறகு, அதாவது ஆறு வாரம் கழித்துத்தான் கொஞ்சம் புண்ணாக்குத் தண்ணீர் விட்டேன். முதல் பத்து நாளில் பழைய இலை மஞ்சளாகி உதிரும், பயப்படாதீர்கள். நான் பயந்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், 'பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இப்படி முழிக்கல' என்றார்.

இதெல்லாம் கை வேலை. கஷ்டம் அதில் இல்லை. மதினியிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான்.

போனில் சொன்னேன். 'மதினி, உங்க மரம் மட்டும் இப்ப வராது. அதுக்கு வேர் இல்ல. எங்க மரத்தோட ஒட்டியிருக்கு. அடுத்த வருஷம் பிரிச்சுத் தாரேன்.' சொல்லும்போதே எனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்துவிட்டது. மூன்று ஆண் பிள்ளைகளின் பங்கும் சரியாக வந்துவிட்டது. மகளுடையது மட்டும் அடுத்த வருஷம், அதுவும் என் தொட்டியில்! மதினி சண்டை போடவில்லை. 'சரி தாயி. எனக்கு எப்பவும் கடைசிதான. வெச்சிக்கோ' என்று போனை வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு பேச்சே இல்லை. தீபாவளிக்குப் போன் எடுக்கவில்லை. தை மாதம் என் வீட்டுக்காரர் பொங்கல்படி கொண்டு தூத்துக்குடி போனார். மதினி சாப்பாடு போட்டு, தம்பியை நன்றாகவே கவனித்து அனுப்பினார்களாம். 'என்னைக் கேட்டாங்களா?' என்றேன். 'கேக்கல' என்றார். 'மரத்தை?' 'அதையும் கேக்கல.' சொத்தில் பங்கு போனபோது வாங்கிக்கொண்ட சேலையைப் போல இதையும் முடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை.

இதற்கு நடுவில் மற்ற மரங்களின் சேதி. ஆவணியில் இரண்டு மரத்தையும் கொண்டுபோனார்கள். சின்னவளுடையது கோயம்புத்தூர் காற்றுக்குப் பிரமாதமாக வந்திருக்கிறது, பால்கனியில் காலை வெயில் படுகிறதாம். பெரிய அக்கா தன் மரத்தை ஏ.சி. ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அடியில் சாஸர் வைத்து, தினமும் தண்ணீர், சாஸரிலும் தண்ணீர். வெளிச்சம் இல்லாமல், வேர் எப்போதும் ஈரத்திலேயே நின்றால் எந்த மரம் பிழைக்கும்? தை மாதமே செத்துவிட்டதாம். என்னிடம் சொன்னது சித்திரையில்! 'நீ திட்டுவேன்னு சொல்லல' என்றார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்கள். இலை கொட்டியதும் சொல்லியிருந்தால் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, ஏ.சி.யை விட்டு வெளிச்சத்துக்கு மாற்றித் தண்ணீரைக் குறைத்தால் எழுந்திருக்கும். காய்ந்து பழுப்பாக இருந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம்.

2024 ஆனி வந்தது. சாரல் விழுந்த முதல் வாரமே நொண்டிக்குப் பதியம் போட்டேன். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் போடுகிற அதே விண்பதியம்தான். நொண்டி நடு மரத்தோடு ஒட்டிய இடத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்தேன். தண்டின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம். உள்ளே இருக்கும் பச்சைத் தோலையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டுவைத்தாலும் பாலம் போட்ட மாதிரி மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. இலையில் உண்டாகும் சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. வளையத்தில் பாதை அறுந்ததும் அங்கேயே தேங்கி வேராக வெளியே வரும். தண்ணீர் உள் கட்டை வழியாக ஏறுவதால் மேலே உள்ள மரம் வாடாது. பால் நின்றதும், ஊற வைத்துப் பிழிந்த தேங்காய் நாரை மேல் வெட்டு முழுக்க மூடும்படி வைத்து, கண்ணாடித் தாளால் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டி, வெளிச்சம் படாமல் மேலே ஒரு கறுப்புத் துணியும் கட்டினேன். நார் காய்ந்தால் ஊசிக் குழாயால் தண்ணீர்.

ஒரு மாதம் கழித்துத் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கண்ணாடித் தாளுக்குள் நாலைந்து வெள்ளை வேர், நூல் மாதிரி. அன்றே அறுக்கக் கை பரபரத்தது, அறுக்கவில்லை. வெள்ளை வேர் பழுப்பு நிறமாகி, கிளை விட்டு, தாளை நிறைக்கட்டும் என்று ஆவணிக் கடைசிவரை இருந்தேன். பிறகு வளையத்துக்குக் கீழே அறுத்து, நாரைப் பிய்க்காமல் அப்படியே சின்னத் தொட்டியில் கட்டி வைத்தேன். ஒரு இலை உதிரவில்லை.

ஒரு நீல நூலை எடுத்து அதன் வேரில் கட்டி, படம் பிடித்து மகள் செல்போனிலிருந்து மதினிக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் வாசலில் ஆட்டோச் சத்தம். மதினி தனியாக வந்திருந்தார்கள்.

வாடகை வீட்டு மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, தொட்டி முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் தொடவே இல்லை. அப்புறம் நடு மரத்தைத் திருப்பி, நொண்டி சாய்ந்திருந்த பக்கத்தில் இருந்த காயத்தைத் தடவிப் பார்த்தார்கள். 'நெசமாவே ஒட்டித்தான் இருந்துருக்கு' என்றார்கள்.

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. 'பத்திர ஆபீஸ்ல நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும் மதினி' என்றேன்.

'நீ பேசியிருந்தா மட்டும் கேட்டிருப்பாவளாக்கும்?' என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, 'ஆனா பேசியிருக்கலாம்' என்றார்கள். பிறகு, 'காப்பி போடு' என்றார்கள்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் போட்டு, அக்காவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்திருக்கிறார். தம்பி சரி என்றிருக்கிறார். மூத்தவர் யோசிக்கிறேன் என்று சொல்லி மாதங்கள் ஆகின்றன. நாங்கள் எங்கள் பங்கைக் கடை லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறோம்.

வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒன்றரை மாதம் என்னிடமே வைத்திருந்து, ஐப்பசியில் மதினி மறுபடி வந்து வாங்கிப் போனார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனார்களாம். தூத்துக்குடியில் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் விட்டால் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும் என்று சொல்லி, முடிந்தவரை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து விடச் சொன்னேன். இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர். கடல் காற்று நேரே அடிக்காத மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு படம் வருகிறது. இந்தச் சித்திரையில் கிளையிலிருந்து ஒரு விழுது, தலைமுடி கனத்தில், இறங்க ஆரம்பித்திருக்கிறது. 'இதை வெட்டணுமா விடணுமா?' என்று கேட்டிருந்தார்கள். 'விடுங்க மதினி, ஒரு ஸ்ட்ராவை அதுமேல மாட்டி மண்ணுவரைக்கும் விட்டா காயாம இறங்கிரும்' என்று சொல்லியிருக்கிறேன்.

தோழிகளே, உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். அன்றைக்கு அறுக்கும்போது இச்சிப் பால் என் நூல் சேலையில் பட்டு, கறுப்புக் கறையாகிவிட்டது. மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. அது அத்தையின் சேலை. கறை போக வழி தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, தென்காசி.